வாக்குப் போட்டது நான், காரணம் கேட்டது மச்சான்

"ஏன்டா அதுக்கு ஓம் எண்டு போட்டனீ?"

டொராண்டோவிலிருந்து மச்சான் அனுப்பிய குரல் பதிவு இவ்வளவுதான். இங்கே விடிந்து கொஞ்ச நேரம், அவனுக்கு முதல் நாள் இரவு. நான் உப்புவெளி வீட்டு விறாந்தையில் பிளேன்டீயோடு இருந்தேன். எதற்கு ஓம் போட்டேன் என்றே முதலில் விளங்கவில்லை. தேடிப் பார்த்தால் நான்கு மாதத்துக்கு முந்திய ஒரு வாக்கு: டாவோ என்கிற இணையச் சங்கம் ஒன்றில், மச்சானும் வேறு சிலரும் என்னிடம் ஒப்படைத்த வாக்குகளை வைத்து நான் போட்டது. அதன் கீழே நானே எழுதிய காரணம்: "நல்ல முயற்சி. நம்பகமான குழு. ஆதரிக்கிறேன்."

அந்தக் குழுவுக்குப் பொதுப் பணத்திலிருந்து முழுத் தொகையும் ஒரே தடவையில் போயிருந்தது. ஒரு கருவி செய்து தருவதாகச் சொன்னவர்கள். மூன்றாம் மாதத்தோடு அவர்கள் பக்கம் சத்தமே இல்லை. காசைத் திருப்பிக் கேட்க முன்மொழிவில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அதை நான் வாசித்தேனா, வாசித்தும் பரவாயில்லை என்று விட்டேனா? சத்தியமாக ஞாபகம் வரவில்லை. நான் எழுதிய ஐந்து சொற்களை வைத்து என் மனதை நானே கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் போடாட்டியும் அது நிறைவேறியிருக்கும்" என்று பதில் எழுதினேன். அது உண்மைதான், பெரிய வித்தியாசத்தில் வென்ற முன்மொழிவு. ஆனால் அவன் கேட்டது அதை இல்லை.

"அது உன்ர வாக்கில்ல மச்சான், என்ர வாக்கு" என்றான்.

இந்த உலகம் புதிதாக இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. டாவோ என்பது பிளாக்செயினில் (பலருடைய கணினிகளில் ஒன்றாக இருக்கிற பொதுப் பதிவேட்டில்) நடக்கிற ஒரு சங்கம். உறுப்பினர் அட்டைக்குப் பதில் டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரு வாக்கு, ஆளுக்கு ஒரு வாக்கு இல்லை. (எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்காரர் இந்த இடத்திலேயே எழும்பிப் போய்விடுவார்கள்.) 2020 செப்டெம்பரில், டோக்கன் மாற்றுகிற தளமான யூனிஸ்வாப் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 டோக்கன் கொடுத்தது. 2023 மார்ச்சில் ஆர்பிட்ரம் என்ற பிளாக்செயின் வலையமைப்பு தன் டோக்கனைப் பகிர்ந்தது. இப்படி ஆயிரக்கணக்கானவர்களின் கையில் ஒரே இரவில் வாக்குரிமை வந்து விழுந்தது. வேலைக்குப் போய்வந்து, பிள்ளையைப் படுக்கவைத்து, அதற்குப் பிறகு முப்பது பக்க முன்மொழிவு வாசிக்க யாருக்கு ஏலும்? அதனால்தான் டெலிகேட், மற்றவர்களுக்காக வாக்களிக்கிறவர். டோக்கன் உங்கள் வாலட்டிலேயே கிடக்கும், அதன் வாக்கை மட்டும் இன்னொரு முகவரிக்கு ஒப்படைக்கிறீர்கள். எந்த நேரமும் திருப்பி எடுக்கலாம். ஒரு விசித்திரமும் உண்டு: யூனிஸ்வாப், ஆர்பிட்ரம் போன்றவற்றில் உங்கள் டோக்கனை வைத்து நீங்களே வாக்களிப்பதென்றாலும், முதலில் உங்களுக்கு நீங்களே ஒப்படைத்திருக்க வேண்டும்.

நான் இதற்குள் வந்தது மொழிபெயர்ப்பு வேலையால். ஒரு டாவோவின் ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுத்தேன், அப்புறம் கூட்டங்களில் கேள்வி கேட்கத் தொடங்கினேன், பிறகு யார் யாரோ தங்கள் வாக்கை என் பெயரில் போட்டார்கள். நாற்பதுக்குக் கிட்ட முகவரிகள், அவற்றில் மூன்று பேரைத்தான் ஆளாகத் தெரியும். ஒருவன் மச்சான். டாவோவின் பெயரைச் சொல்லப்போவதில்லை, இங்கே அது தேவையுமில்லை. டோக்கனை வாங்குவது விற்பது பற்றியும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மெய்நிகர் நாணயங்களின் ஆபத்து பற்றி மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. திருகோணமலையில் எந்தக் கடையிலும் அதைக் கொடுத்து ஒரு பணிஸ் வாங்க முடியாது.

மச்சானின் பதிலுக்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சரியில்லை. மூன்றாம் நாள் மாமா வீட்டுக்குப் போனேன். மாமா பதினொரு வருடம் மீனவர் சங்கம் ஒன்றின் செயலாளராக இருந்தவர். இப்போது வலை பொத்துகிற வேலை மட்டும், அதுவும் பொழுதுபோக்குக்கு. விசயத்தைச் சொன்னேன்.

"ஆர் உனக்கு வோட்டுத் தந்தது?"

"கனபேர் மாமா. ஆக்களத் தெரியாது."

"தெரியாத ஆக்கள் தந்த வோட்டுக்கு என்னண்டு கணக்குக் காட்டுறாய்?"

நான் போனில் என் காரணக் குறிப்பைக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். "இது எங்கட கூட்டறிக்கைப் புத்தகம் மாதிரி இருக்கு" என்றார். சங்கங்களின் கூட்டறிக்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: இன்னார் முன்மொழிய, இன்னார் வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது. ஏன் நிறைவேறியது என்று தேடினால் கிடைக்காது. மூன்று மணிநேரம் கத்திச் சண்டை பிடித்த கூட்டமும் ஏகமனதாகத்தான் முடிந்திருக்கும்.

பிறகு உள்ளே போய்ப் பழைய சீ.ஆர் கொப்பி ஒன்றை எடுத்து வந்தார். மட்டை பிய்ந்து, முதுகில் ஒட்டிய துணி மட்டும் மிச்சம். சங்கத்தின் புத்தகம் இல்லை, அவருடைய சொந்தக் கொப்பி. தான் எந்தத் தீர்மானத்துக்குக் கை உயர்த்தினார், எதற்கு உயர்த்தவில்லை என்று எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உறுப்பினர் ஒருவர் எஞ்சின் வாங்கச் சங்கச் சேமிப்பிலிருந்து கடன் கேட்டிருக்கிறார். மாமாவின் எழுத்து, நீலப் பேனா:

"இல்லை. காசு இருக்கு, ஆளும் நல்ல ஆள். வாடை தொடங்க ஆறு கிழமைதான் இருக்கு. கடலுக்குப் போகாத மாதத்தில தவணை எப்பிடிக் கட்டுவார்? தை பிறந்து கேட்டா ஓம்."

நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இவ்வளவுதான், ஆனால் எல்லாம் இருக்கிறது. முடிவு முதல் சொல்லிலேயே வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தின் நல்ல வாதம் இரண்டும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் யாரும் கடலைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது. கடைசியில், என்ன மாறினால் தன் வாக்கு மாறும் என்பது.

"இத அவருக்குக் காட்டினீங்களா?"

"காட்டாம? கூட்டம் முடிஞ்ச அண்டைக்கே காட்டினனான். கோவம் வந்திட்டுது. அடுத்த வருசம் எனக்கு எதிரா ஆள் போட்டவர்."

"அப்ப ஏன் காட்டினீங்கள்?"

மாமா வலை ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பிடிக்காட்டி ஆள மாத்தட்டும் எண்டுதானே எழுதினது."

அதுவரை காரணம் எழுதுவது என்றால் நான் செய்ததே சரி என்று மற்றவர்களை ஏற்கவைப்பதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். என்னை விட்டுப் போவதற்கு வேண்டிய தகவலைக் கையில் கொடுப்பதற்குத்தான் அது என்று அன்றைக்குத்தான் பட்டது. நீங்கள் ஒருவரிடம் வாக்கை ஒப்படைத்திருந்தால் அவருடைய குறிப்புகளை இந்தக் கண்ணால் வாசித்துப் பாருங்கள்: இதை வைத்து நான் இவரை மாற்றுவதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்க முடியுமா? "நல்ல முயற்சி, ஆதரிக்கிறேன்" என்பதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது.

இப்போது நான் எழுதுகிற குறிப்பு எப்படி இருக்கும் என்று ஒன்றைத் தருகிறேன். அண்மையில் வந்த ஒரு முன்மொழிவு, அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்:

"எதிர்க்கிறேன். கேட்பது 12 மாதத்துக்கான தொகை, முதல் நாளே பாதி கைக்குப் போகும். குழு நல்ல குழு, இவர்களின் முந்தைய வேலையை நானே பயன்படுத்துகிறேன். ஆனால் ஆறாம் மாதத்தில் வேலையைப் பார்த்து மீதியை நிறுத்துகிற அதிகாரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. தொகையை மூன்று தவணையாகப் பிரித்து, நிறுத்துகிற உரிமையை ஒரு குழுவிடம் கொடுத்தால் ஆதரிப்பேன். செலவுத் திட்டத்தை முழுதாக வாசித்தேன், தொழில்நுட்ப இணைப்பை வாசிக்கவில்லை, வாசித்தாலும் எனக்கு விளங்காது. இந்தக் குழுவோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை."

கடைசிக்கு முந்திய வசனத்தை எழுதத்தான் எனக்கு ஆகக் கூடின காலம் பிடித்தது. வாசிக்கவில்லை என்று பொதுவில் எழுத வெட்கம். ஆனால் எழுதத் தொடங்கிய பிறகு நடந்தது வேறு. ஒரு தடவை அந்த வசனத்தைப் பார்த்துவிட்டு, தெரியாத ஒருவர் தானாக வந்து, அந்த இணைப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். எல்லாம் வாசித்தவன்போல எழுதியிருந்தால் அவர் வந்திருக்கமாட்டார்.

பல விடயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வருகிற முன்மொழிவுகளில், மூட்டைக்குள் எது பிரச்சினை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ஆர்பிட்ரமின் முதல் முன்மொழிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஐபி-1 என்று பெயர். அறக்கட்டளை அமைப்பது, அதன் விதிகள், அதற்கு 75 கோடி டோக்கன் என்று எல்லாமே ஒரே வாக்கில் வந்தன. மொத்த டோக்கன் 1,000 கோடி, ஆக அது நூற்றுக்கு ஏழரை. வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே அதில் ஒரு பகுதி ஏற்கெனவே கைமாறிவிட்டது என்று தெரிந்து பெரிய கொந்தளிப்பு. பிறகு அது 1.1, 1.2 என்று பிரிக்கப்பட்டுத் தனித்தனியாக வந்தது. வெறுமனே "எதிர்க்கிறேன்" என்று மட்டும் எல்லாரும் போட்டுவிட்டுப் போயிருந்தால் எதைப் பிரிப்பது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

அடுத்து நேரம். இங்கேதான் நான் நீண்ட காலம் ஏமாந்துகொண்டிருந்தேன்.

மாமாவின் வசனத்துக்குப் பிறகு நான் ஒழுங்கு பிடித்தேன்: வாக்கெடுப்பு தொடங்கிய முதல் நாளே என் முடிவையும் காரணத்தையும் அறிவிப்பேன். பிடிக்காதவர்கள் ஒரு கிழமைக்குள் வாக்கைத் திருப்பி எடுத்துத் தாங்களே போடட்டும். கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பிழை. பெரும்பாலான டாவோக்களில் யாருக்கு எவ்வளவு வாக்குப் பலம் என்பது ஒரு குறித்த பிளாக்கில், அதாவது ஒரு குறித்த நேரத்தில், படமெடுத்ததுபோல் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் டோக்கனை விற்றாலும் சரி, ஒப்படைப்பை மாற்றினாலும் சரி, அந்த வாக்கெடுப்பில் பழைய கணக்குத்தான். நான் முதல் நாள் அறிவித்தபோது படம் எடுத்து முடிந்திருந்தது. வாசல் திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பூட்டிய வாசலுக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

இதைக் காட்டித்தந்ததும் மச்சான்தான். என்னிடமிருந்து வாக்கை எடுத்து எதிர்த்துப் போடப் பார்த்தான், அவன் பலம் பூச்சியம் என்று திரை காட்டியது.

சங்கிலியில், அதாவது பிளாக்செயினில், நேரடியாக நடக்கிற வாக்கெடுப்புகளில் இதற்கென்றே ஒரு இடைவெளி வைத்திருக்கிறார்கள். முன்மொழிவு பதிவாகி, வாக்கெடுப்பு திறந்து படம் எடுக்கப்படும் வரை யூனிஸ்வாப்பில் ஏறத்தாழ 2 நாள், ஆர்பிட்ரமில் 3 நாள். அந்த இடைவெளிக்குள் என் நிலைப்பாட்டைச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம். ஸ்னாப்ஷொட் என்ற, சங்கிலிக்கு வெளியே இருக்கிற தளத்தில் நடக்கிற வாக்கெடுப்பில் பெரும்பாலும் அந்த இடைவெளியும் கிடையாது, பதிவானதும் படம். அதனால் விவாதம் நடக்கும்போதே, வாக்கெடுப்புக்கு வர முதலே, "இப்படியே வந்தால் எதிர்ப்பேன்" என்று எழுதிவிடுகிறேன். இதனால் ஒரு லாபமும் உண்டு. விவாதத்தில் சொன்னால் எழுதியவர்கள் சில நேரம் முன்மொழிவையே திருத்துவார்கள். வாக்கெடுப்பு தொடங்கிய பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. இழப்பும் உண்டு: பிறகு மனம் மாறினால் அதையும் பொதுவில் எழுத வேண்டும். மூன்று தடவை மாறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பழைய குறிப்பை அழிக்காமல் அதன் கீழேயே புதியதைப் போட்டேன்.

இரண்டு இடத்திலும் காரணம் எழுதுகிற பெட்டி ஒன்றுபோல் தெரியும், ஆனால் ஒன்றில்லை. ஸ்னாப்ஷொட் வெறும் கையெழுத்து, காஸ் என்ற பரிவர்த்தனைக் கட்டணம் இல்லை, வாக்கெடுப்பு மூடும்வரை வாக்கை மாற்றலாம். சங்கிலியில் போடுகிற வாக்கு ஒரு பரிவர்த்தனை. வழக்கமான ஒப்பந்தங்களில் (வாக்கெடுப்பை நடத்துகிற நிரல்களில்) ஒரு தடவை போட்டால் போட்டதுதான். காரணத்தோடு வாக்களிக்கத் தனிச் செயற்கூறே இருக்கிறது. எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் பரிவர்த்தனையோடு போய் நிரந்தரமாகப் பதிவாகிறது, நீளக் கட்டணமும் நீளும். தமிழ் எழுத்தென்றால் இன்னும் கூட, ஒரு எழுத்துக்கு மூன்று பைட் முதல். நான் அங்கே இரண்டு வசனம் மட்டும் போடுவேன்: முடிவு, முக்கியக் காரணம். மீதி என் பக்கத்தில். ஒரு தடவை அவசரத்தில் எழுத்துப்பிழையோடு போட்டேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது, என் பேரப்பிள்ளைகளும் வாசிக்கலாம்.

"நடுநிலை" என்ற பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அதை நீண்டநாள் ஒரு மரியாதையான விலகலாக நினைத்திருந்தேன். கோரம் (முடிவு செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வாக்கு) எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்காதவரைக்கும் அப்படித்தான் தோன்றும். ஆர்பிட்ரமில் ஆதரவும் நடுநிலையும் சேர்ந்து கோரத்துக்குக் கணக்கு. அதாவது கோரம் எட்டாமல் தவிக்கிற ஒரு முன்மொழிவில் நடுநிலை போடுகிறவர் அதைக் கரைசேர்க்க உதவுகிறார். யூனிஸ்வாப் பயன்படுத்துகிற பிராவோ என்ற ஒப்பந்தத்தில் ஆதரவு வாக்கு மட்டும்தான் கோரத்துக்கு, 4 கோடி வேண்டும். அங்கே நடுநிலைக்கு அந்தப் பலம் இல்லை. ஒரே பொத்தான், இரண்டு ஊரில் இரண்டு வேலை. இப்போது நடுநிலை போட்டால், கோரத்தைத் தெரிந்துகொண்டுதான் போடுகிறேனா என்பதையும் குறிப்பில் எழுதுகிறேன்.

எழுத்து ஒன்று, இயங்கும் குறி (கணினி நிரல்) வேறொன்று என்ற பிரச்சினையும் இருக்கிறது. மனிதருக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு விளக்கம் எழுதப்பட்டிருக்கும். ஆனால் நிறைவேறும்போது ஓடப்போவது அந்த விளக்கம் இல்லை, அதோடு இணைத்த குறிதான். 2023 மே மாதம், பரிவர்த்தனைகளின் தடத்தை மறைக்கிற டொர்னேடோ காஷ் என்ற சேவையின் டாவோவில் ஒருவர் கொண்டுவந்த முன்மொழிவு, முன்னர் நிறைவேறிய ஒன்றைப் போன்றதே என்று சொன்னது. மக்கள் ஆதரித்தார்கள். உள்ளே ஒளித்திருந்த வழியால் அவர் தனக்குத் தானே 12 லட்சம் வாக்குகளை எழுதிக்கொண்டு அந்த நிர்வாகத்தையே கைக்குள் போட்டார். எனக்குக் குறி வாசிக்க வராது. அதனால் சங்கிலி வாக்கெடுப்பு என்றால், அந்தக் குறியைச் சுயாதீனமாக யார் பார்த்தார்கள் என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் போடுவேன். பதில் வராவிட்டால் எதிர்ப்பு, காரணம்: "குறியை வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை." இதற்காக என்னைச் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. சலிக்கட்டும்.

வாக்களிக்காமல் விட்டதற்கும் காரணம் எழுத வேண்டுமா? நான் எழுதுகிறேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கொழும்புக்குத் தெற்கே ஒரு உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று ஏறி, முழு நாட்டுக்கும் கரண்ட் போன நாள். எனக்கு அன்று மாலை மூடுகிற வாக்கெடுப்பு ஒன்று இருந்தது. ரவுட்டர் செத்துப்போனது, போனில் பற்றரி 9 சதவீதம், டேட்டாவும் தவண்டுகொண்டிருந்தது. கரண்ட் வந்தபோது வாக்கெடுப்பு முடிந்திருந்தது. "குரங்கால் வாக்களிக்க முடியவில்லை" என்று உண்மையைத்தான் எழுதினேன், எல்லாரும் பகிடி என்று நினைத்தார்கள். ஆனால் அடுத்த வசனத்தில் எழுதியது பகிடி இல்லை: வாக்கெடுப்பு ஆறு நாள் திறந்திருந்தது, கடைசி நாள்வரை வைத்திருந்தது என் பிழை. குரங்கில் பழி போட முடியாது.

இதைச் சின்ன விசயம் என்று விடாததற்குக் காரணம் இருக்கிறது. 2024 யூலையில் கொம்பவுண்ட் என்ற கடன் தளத்தின் டாவோவில் 289ஆம் முன்மொழிவு 4,99,000 டோக்கனை, அன்றைய பெறுமதியில் ஏறத்தாழ 2.4 கோடி டொலரை, ஒரு குழுவின் திட்டத்துக்குக் கொடுக்கச் சொன்னது. முடிவு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆதரவு 6,82,191, எதிர்ப்பு 6,33,636. வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. பிறகு பேச்சுவார்த்தை நடந்து அது கைவிடப்பட்டது வேறு கதை. அந்தக் கிழமை போடாமல் விட்ட ஒவ்வொரு பெரிய டெலிகேட்டும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். எனக்கு வெறும் நேர வித்தியாசமே ஒரு சிக்கல்: உலக நேரத்தில் நள்ளிரவு மூடினால் இங்கே காலை ஐந்தரை. எங்கள் தெருவில் மீன்காரரும் பாண்காரரும் வருவதற்கு முதலே வாக்கு முடிந்துவிடும்.

சொந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மானியம் கேட்ட ஒரு குழுவுக்கு நான் முன்னர் கூலிக்கு மொழிபெயர்த்திருந்தேன். அவர்களின் முன்மொழிவு வந்தபோது எவ்வளவு வாங்கினேன், எப்போது என்று எழுதிவிட்டு ஒதுங்கினேன். "இவ்வளவு சின்னக் காசுக்கா?" என்று கேட்டார்கள். சின்னதா பெரிதா என்று வாசிக்கிறவர் முடிவெடுக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு எரிச்சல். சில டாவோக்கள் டெலிகேட்டுகளுக்குச் சம்பளம் கொடுக்கின்றன, ஆர்பிட்ரமின் ஊக்கத்தொகைத் திட்டத்தில் காரணம் எழுதினாரா என்பதற்கும் புள்ளி இருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் புள்ளி என்று வந்ததும் குறிப்புகள் பெருத்துவிட்டன. முன்மொழிவையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லி, "நன்மைகளையும் தீமைகளையும் கவனமாக ஆராய்ந்து" என்று முடிகிற நானூறு சொற்கள். இயந்திரம் எழுதியதா மனிதர் எழுதியதா என்று எனக்குக் கவலையில்லை. அதில் "தை பிறந்து கேட்டா ஓம்" என்ற மாதிரி ஒரு வசனம் இருக்கிறதா என்றுதான் தேடுவேன். அநேகமாக இருக்காது.

ஒருமுறை இப்படி ஒரு நீளக் குறிப்பை அச்சடித்து மாமாவுக்குக் காட்டக் கொண்டுபோனேன். வழியில் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறிவிட்டு வந்து பார்த்தால், மோட்டார் சைக்கிள் இருக்கையில் செருகியிருந்த தாளில் பாதியை மான் தின்றிருந்தது. மீதிப் பாதியை மாமா வாசித்தார். "மிச்சத்திலயும் இதுதானே இருந்திருக்கும்?" என்றார்.

மச்சானுக்கு வருகிறேன். போன மாதம் ஒரு முன்மொழிவு. பொதுப் பணத்தில் கொஞ்சத்தை டொலருக்கு ஈடான நாணயமாக மாற்றி வைப்பது பற்றியது. நான் ஆதரவு. விவாதக் கட்டத்திலேயே எழுதினேன்: விலை விழுந்தால் சம்பளம் கொடுக்கவாவது இரண்டு வருடக் கையிருப்பு வேண்டும், 2022இல் எங்கள் ரூபாய் விழுந்ததைப் பார்த்தவன் நான், அந்தப் பயம் என் முடிவில் கலந்திருக்கிறது, அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள் என்று. டோக்கனை இந்த விலைக்கு விற்பது மடத்தனம் என்கிறவர்களின் கணக்கையும் கீழே போட்டேன். அது பலமான கணக்கு.

வாக்கெடுப்புக்கு ஒரு நாள் இருக்கும்போது என் வாக்குப் பலம் திடீரென்று குறைந்திருந்தது. எந்த முகவரி என்று பார்த்தேன். அந்த முகவரி எனக்கு மனப்பாடம், மச்சானுடையது. கொஞ்சம் சுள்ளென்றுதான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

பின்னேரம் குரல் பதிவு வந்தது. பின்னால் பனி வழிக்கிற சத்தம் கேட்டது.

"மச்சான், முழுக்க வாசிச்சுப் போட்டுத்தான் எடுத்தனான். நீ கீழ போட்ட அந்தக் கணக்குத்தான் எனக்குச் சரியாப் படுது. சரி, அம்மா கேக்கிறா, அங்க இப்ப நெத்தலி என்ன விலை?"